இலையில் படியும் நீலம் எதற்குச் சாட்சி?

பினாங்கு ஜார்ஜ் டவுனின் லீத் ஸ்திரீட்டில் நிற்கும் சோங் ஃபாட் ஸீ மாளிகையை ஊரே நீல மாளிகை என்றுதான் அழைக்கிறது. அந்த நீலம், சுண்ணாம்பில் கலந்து பூசிய அவுரிச் சாயம். ஆனால் பச்சை அவுரி இலையைக் கிள்ளிப் பார்த்தால் நீலம் தெரியாது. இலைக்குள் இருப்பது சர்க்கரையோடு பிணைந்த, நிறமற்ற ஒரு பொருள். இலைகளைத் தொட்டியில் ஊறப்போட்டால், இலையிலுள்ள நொதியே அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். விடுபட்ட பொருள், நீரை அடித்துக் கலக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகிறது. சாயப் பட்டறைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த இந்த வேதியியலைத்தான், மரபணு மாற்றிய செடியில் புதிய மரபணு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகங்கள் கையாள்கின்றன. அந்த நீலத்தை நம்பலாம். ஆனால் குறுக்கு விசாரணை செய்த பிறகே நம்ப வேண்டும் என்பது என் வாதம்.

ஒரு செடியின் வேரிலும் இலையிலும் பூவிலும் இருப்பவை பெரும்பாலும் ஒரே மரபணுக்கள்தான். எது, எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்பதை மரபணுவின் முன்பகுதியில் இருக்கும் புரோமோட்டர் என்ற சுவிட்ச் தீர்மானிக்கிறது. அந்த சுவிட்ச் போட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் காண முடியாது. அதனால் அதன் பின்னால் ஓர் அறிவிப்பு மரபணுவை இணைக்கிறார்கள். ரிச்சர்ட் ஜெஃபர்சன், டோனி கவானா, மைக்கேல் பெவன் ஆகிய மூவரும் 1987இல் இதற்காக முன்வைத்தது, ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த ‘கஸ்’ மரபணு. கட்டுரை அச்சாவதற்கு முன்பே ஜெஃபர்சன் இதைப் பல ஆய்வகங்களுக்கு வாரி வழங்கினார். இது வேகமாகப் பரவியதற்கு அந்தத் தாராளம் ஒரு பெரிய காரணம். செய்முறையும் எளிது. இலைத் துண்டை எக்ஸ்-குளுக் என்ற நிறமற்ற பொருளின் கரைசலில் மூழ்கவைத்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் ஆல்கஹாலில் ஊறவைத்தால் பச்சையம் கரைந்து இலை வெளுக்கும். அவுரியில் நடப்பதைப் போலவே, கஸ் மரபணு தரும் நொதி எக்ஸ்-குளுக்கை வெட்டுவதால், அந்த நொதி உருவான செல்களில் மட்டும் நீலம் தங்கும்.

மலேசியாவில் இந்த நீலம் நமக்குப் பழக்கமான பயிர்களிலேயே படிந்திருக்கிறது. வாடல் நோய்க்கு எளிதில் இரையாகும் ரஸ்தாளி வாழைக்குள் மரபணுவைப் புகுத்தும் முயற்சிகளில், அது உள்ளே போனதா என்று பார்க்க இந்த நீலம் உதவியது. பினாங்கு மிண்டன் வளாகத்திலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆர்க்கிட் ஆய்வுகளும் இந்த வழியில் நடந்தவை. செம்பனையில் இதன் பயன் இன்னும் ஆழமானது. எண்ணெயின் தன்மையை மாற்ற வேண்டுமானால் புதிய மரபணு பழத்தின் சதையில் இயங்கினால் போதும், ஓலையிலும் வேரிலும் இயங்கத் தேவையில்லை. எந்த சுவிட்ச் எந்தத் திசுவில் எவ்வளவு வலுவாக இயங்கும் என்பதை அறிவிப்பு மரபணு சொல்லிவிடும். விதை போட்டு மரமாக்கி, காய்க்கும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தச் சாட்சி பொய் சொல்லாதா என்று கேட்டால், சொல்லும். சில செடிகளின் கனியிலும் விதையுறையிலும் இயல்பாகவே இதை ஒத்த நொதி உண்டு. மரபணு எதையும் மாற்றாமலே அவை நீலமாகலாம். மரபணுவைச் செடிக்குள் சுமந்துவரும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா திசுவில் ஒட்டிக்கொண்டு, தானே அந்த நொதியைச் செய்துவிடுவதும் உண்டு. இதற்கு 1990இல் கிடைத்த தீர்வு மிக அழகானது. கஸ் மரபணுவின் நடுவே உருளைக்கிழங்கிலிருந்தோ ஆமணக்கிலிருந்தோ எடுத்த ஒரு துண்டைச் செருகிவிட்டார்கள். செடியின் செல் அதை வெட்டி நீக்கிவிட்டுச் சரியான நொதியைச் செய்யும். பாக்டீரியாவால் அது முடியாது, ஆகவே அதனிடமிருந்து நீலம் வராது. இன்னொரு சிக்கல் காலம். மரபணுவைப் புகுத்திய சில நாட்களில் தோன்றும் நீலப் புள்ளிகள், அது செடியின் குரோமோசோமில் நிலையாகக் குடியேறிவிட்டது என்பதற்கு ஆதாரமல்ல. தற்காலிக இயக்கமும் அதே நீலத்தைத்தான் தரும். சாயமேற்றும் முறை திசுவைக் கொன்றுவிடும் என்ற குறையும் உண்மையே. உயிரோடு பார்க்க விரும்புவோர் ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர் புரதத்தை நாடுகிறார்கள். நீலத்தின் அடர்த்தியை வைத்து அளவு சொல்வதும் தவறு, அதற்குத் தனி ஒளிர்வுச் சோதனை உண்டு.

பாக்டீரியாவின் மரபணுவை உணவுப் பயிரில் வைக்கலாமா என்ற கவலை வேறு வகையானது. ஈ.கோலை நம் குடலிலேயே குடியிருக்கிறது. அதன் கஸ் நொதி நமக்குப் புதிதல்ல. 1998இல் ஹவாயில் விற்பனைக்கு வந்த, வைரஸைத் தாங்கும் பப்பாளியிலும், 2006இல் இந்தியாவில் அனுமதி பெற்ற போல்கார்டு 2 பருத்தியிலும் இந்த மரபணு இருக்கிறது. இதை வைத்து எல்லா மரபணு மாற்றுப் பயிர்களும் பாதுகாப்பானவை என்று முடிவுகட்ட நான் உடன்படமாட்டேன். ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே ஆராய வேண்டும். 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. நீலம் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த இடத்தில் இந்த சுவிட்ச் இயங்கியது. பயிர் நல்லதா, விளைச்சல் கூடுமா, உண்ணத் தகுமா என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை.

இனி ஒரு நீல இலையின் படம் செய்தித்தாளிலோ கண்காட்சியிலோ கண்ணில் பட்டால், அதே கரைசலில் அதே இரவு ஊறிய சாதாரணச் செடியின் இலையும் பக்கத்தில் வெளுத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது எங்கே என்று கேளுங்கள்.