நாய்க்கு உண்ணி, தெள்ளு மருந்து: எதைப் போடலாம், எதைத் தொடக் கூடாது

நம் கூட்டங்களில் பயிர்க் கேள்விகள் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, தோட்டத்து நாய் உடம்பெல்லாம் உண்ணி. நாமதான் பூச்சிமருந்தே தொடுறதில்லையே, இதுக்கு என்னதான் செய்யறது?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து ஆட்களிடமிருந்து இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. ஒரு பக்கம் கீரைப் பாத்தி, மல்லிச் செடி. அடுத்த பக்கம் பிளாட் போட்ட காலி மனை, பாதி கட்டி நிற்கிற வீடு, மணல் குவியல், அதில் குழி பறித்துப் படுக்கிற தெருநாய்கள். நம் நாய் வேலியோரம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் போதும், கூடவே நாலு கொண்டுவந்து சேர்த்துவிடும். ஏரிக்கரை ஈரமும் சென்னைப் புழுக்கமும் சேர்ந்து இவற்றுக்கு வருஷம் பூராவும் சீசன்தான்.

முதலில், வந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். நம்ம பேச்சில் எல்லாமே "உண்ணி". ஆனால் உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணிக்கு எட்டுக் கால்; காதுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பி நிற்கும். தெள்ளு ஆறு கால் பூச்சி, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், ரோமத்துக்குள் ஓடும், பிடிக்கப் போனால் துள்ளிவிடும். நாய் வாலடியையும் இடுப்பையும் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டால் அநேகமாகத் தெள்ளுதான். பூச்சி கண்ணில் படவில்லையென்றால் நாயை ஒரு வெள்ளைத் துணி மேல் நிறுத்தி முதுகைச் சீவுங்கள். கருப்பாகத் தூள் உதிரும். அதன் மேல் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் செம்பழுப்பாகக் கசியும். அது நம் நாயின் ரத்தம்.

இந்த ரெண்டும் வாழ்கிற விதம் தெரிந்துவிட்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை போடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது, நாய் படுக்கிற இடத்தில் உதிரும். அதிலிருந்து வருகிற புழு வெளிச்சத்துக்குப் பயந்து சாக்கு மடிப்பு, கட்டிலடி, மோட்டார் ரூம் மூலை என்று போய் ஒளியும். பெரிய தெள்ளின் எச்சத்தில் இருக்கும் காய்ந்த ரத்தம்தான் அதற்குத் தீனி. பிறகு கூட்டுப்புழு. இந்தக் கூட்டை எந்த மருந்தும் லேசில் ஊடுருவாது. மாசக்கணக்கில் சும்மா கிடந்து, காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டைத் திறந்ததும் கணுக்காலைத் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். ஒரு இடத்தில் இருக்கிற தெள்ளுக் கூட்டத்தில் நாய் மேல் இருப்பது 100-க்கு ஐந்து பங்குதான் என்று கணக்குச் சொல்வார்கள். மீதி 95 பங்கு முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில். நாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் களையில் நுனியைக் கிள்ளிவிட்டு வேரை விட்ட கதைதான்.

நம் பக்கத்து நாய்களில் அதிகம் இருக்கிற பழுப்பு உண்ணியும் அப்படித்தான். குஞ்சாக ஒரு முறை, இளசாக ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என மூன்று தடவை நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி, சுவர் ஏறி, விரிசலில் புகுந்துகொள்ளும். அங்கே ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரைகூட இடும். நாய்க் கூண்டின் மேல்மூலையிலும் ஓட்டுச் சந்திலும் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஆகவே வேலை தரையிலிருந்து தொடங்குகிறது. இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி, விஷமே வேண்டாம். நாய் படுக்கிற கோணிப்பையை வாரம் ஒரு முறை கொதிக்கிற தண்ணீரில் முக்கி உச்சி வெயிலில் காயப்போட வேண்டும். படுக்கும் இடத்தை நிழலிலிருந்து வெயில் படுகிற பக்கமாக அடிக்கடி மாற்ற வேண்டும். தெள்ளுப் புழுவுக்கு ஈரமும் இருட்டும் வேண்டும், சுள்ளென்ற வெயிலில் அது வதங்கிச் செத்துவிடும். பெருக்கின குப்பையை மூலையில் குவிக்காமல் எரித்துவிடுங்கள் அல்லது வெயிலில் பரப்புங்கள். சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசி, மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணிக்கு எதிராக நான் பார்த்த வேலைகளில் காசுக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான். மெட்டாரைசியம், பவேரியா பூஞ்சாணங்களைத் தெளிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆய்வகத்தில் அவை உண்ணியைக் கொல்வது உண்மை. ஆனால் வெளியில், காய்ந்த தரையில் பலன் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிழலான ஈர மண்ணில் அடித்துப் பார்க்கலாம், அதை நம்பி மற்ற வேலையை விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது நாய். பேன் சீப்பு ஒன்று, ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர். தினம் பத்து நிமிஷம் சீவி, மாட்டின தெள்ளைத் தண்ணீரில் முக்க வேண்டும். சோப்பு போட்டுக் குளிப்பாட்டினாலே உடம்பு மேல் இருக்கிற தெள்ளில் நிறையப் போய்விடும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடுங்கள், இல்லையென்றால் எல்லாம் தலைக்கு ஏறிக் காதுக்குள் புகுந்துவிடும். உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். பீடி நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் தொடுவது எல்லாம் நாய்க்குத்தான் ரணம்.

வேப்பெண்ணெய் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. வேம்பு பூச்சியை அண்டவிடாமல் தடுக்கும், புழுவின் வளர்ச்சியைக் குழப்பும். பயிரில் நாம் பார்ப்பது அதைத்தான். நாயின் மேல் ஏற்கெனவே ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும் நூறு உண்ணியை அது கொன்று தீர்க்காது. ஒரு டீஸ்பூன் எண்ணெயை அரை லிட்டர் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கலக்கிக் குளிப்பாட்டலாம், ஒன்றிரண்டு நாளைக்கு விரட்டும். அதற்கு மேல் கெட்டியாகப் பூசினால் நாய் நக்கி, வாயில் நுரை தள்ளி வாந்தி எடுக்கும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இருந்து பரப்பிய மரபுவழி மூலிகை மருத்துவத்தில் மாட்டு உண்ணிக்கு ஒரு கலவை உண்டு: பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி. மாட்டுக்கும் கொட்டகைச் சுவருக்கும் நல்ல மருந்து, தேசிய பால்வள வாரியமே எடுத்துக்கொண்டு பரப்புகிறது. அதை அப்படியே நாய்க்குப் பூசாதீர்கள். மாடு தன் உடம்பு முழுக்க நக்கிக்கொள்ளாது, நாய் நக்கும். பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிச்செடி ஈரலுக்கு விஷம். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதும் வேண்டாம், கற்பூரம் நாய்க்கு வலிப்பைக் கொண்டுவரும்.

சரி, கடை மருந்து. இங்கே நம் கொள்கை பேச வேண்டியிருக்கிறது. என் கருத்து இது: நாய் உடம்பில் நாலு தெள்ளு என்றால் சீப்பும் வெயிலும் போதும். ஆனால் உண்ணி அப்பிக் கிடக்கிற நாய்க்கு வெறும் அரிப்பு மட்டும் பிரச்சினை இல்லை. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்கிற எர்லிக்கியா, பபீசியா ரெண்டும் இந்தப் பழுப்பு உண்ணி கடித்து வருகிறவை. சென்னையில் நாய்களுக்கு அடிக்கடி வருகிற, கவனிக்காவிட்டால் கொன்றுவிடுகிற நோய்கள். அந்த நிலையில் "ரசாயனம் தொட மாட்டேன்" என்று நிற்பது நாயின் உயிரை வைத்து நாம் காட்டும் வைராக்கியம். எனக்கு அது ஒப்பவில்லை. தேர்ந்தெடுத்து, அளவாக, மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகாத மாதிரி பயன்படுத்தலாம்.

முதலில் ஒதுக்க வேண்டியவை. பழைய ஆட்கள் கொட்டகைப் பரணில் பி.ஹெச்.சி., காமாக்ஸின் தூளை இன்னும் வைத்திருக்கிறார்கள். பி.ஹெச்.சி. 1997-லேயே தடை, அதன் தம்பி லிண்டேனைப் பயன்படுத்தவும் 2013-லிருந்து தடை. நாய்க்கு மட்டுமில்லை, எதற்குமே கூடாது. நெல்லுக்கு அடிக்கிற ஃபிப்ரோனிலும் நாய்ச் சொட்டு மருந்தில் இருக்கிற ஃபிப்ரோனிலும் ஒன்றுதானே என்று பக்கத்து வயல்காரரிடம் வாங்கிக் கலக்குகிறவர்கள் உண்டு. பெயர் ஒன்று, அளவும் கரைப்பானும் வேறு, உயிர் போகும். மாட்டுக்கு ஊற்றுகிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் புட்டிகளைக் கண் அளவில் கலந்து நாயை முக்குவதும் அப்படித்தான். நாயோடு பூனையும் ஒரே திண்ணையில் படுக்கிற வீடு என்றால் பெர்மெத்ரின் வகையே வேண்டாம், பூனை செத்துவிடும். ஐவர்மெக்டின் ஊசி தெள்ளுக்குச் சரியான மருந்தே அல்ல. காலி வகை ரத்தம் கலந்த நாய்களுக்கு அது மூளைக்குள் ஏறி உயிரையே எடுக்கும். மாட்டுக்குப் போட்டாலும் சாணத்தில் இறங்கிச் சாணவண்டைக் கொல்கிற மருந்து அது என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

மிச்சம் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவே ரோமத்தைப் பிரித்துத் தோல் மேல் விடுகிற சொட்டு மருந்து. ஃபிப்ரோனில் அதில் பிரபலம். ஒரு மாதம் நிற்கும். போடுவதற்கு ரெண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. முயல் வளர்க்கிறவர்கள் அதை முயலுக்குத் தொடவே கூடாது. மற்றது மாத்திரை: அஃபோக்ஸோலானர் (நெக்ஸ்கார்ட்), சரோலானர் (சிம்பாரிக்கா) ஒரு மாதத்துக்கு, ஃப்ளூராலானர் (பிராவெக்டோ) சுமார் மூன்று மாதத்துக்கு. பூச்சி கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். சில நாய்களுக்கு நடுக்கம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. முன்பே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். எதுவானாலும் நாயை எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெரிய நாயின் குப்பியைச் சின்ன நாய்களுக்குப் பிரித்துப் போடுகிற சிக்கனம் வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு இவற்றில் பெரும்பாலானவை ஆகாது, அதற்குச் சீப்புதான்.

இரண்டில் எது என்றால், தோட்டத்து நாய்க்கு நான் மாத்திரை பக்கம். காரணம் தண்ணீர். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 20 ஆறுகளின் தண்ணீர் மாதிரிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். 99 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில். அங்கே வயலில் அதன் பயன்பாடு ஏறக்குறைய நின்றுபோன காலம் அது. நாய், பூனைக்குப் போட்ட சொட்டு மருந்துதான் குளியல் தண்ணீரோடு ஆற்றுக்குப் போயிருக்கிறது என்று அவர்கள் சந்தேகித்தார்கள். நம் பக்கத்தில் நாய் குளிப்பது எங்கே? போர் குழாயடியில், இல்லையென்றால் ஏரியிலேயே. கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற செம்பரம்பாக்கம் எல்லாம் எட்டிப்பிடிக்கும் தூரம். தட்டானும் தேனீயும் தாங்காத மருந்து இது. சொட்டு மருந்து போட்ட நாயை ஏரியிலோ வாய்க்காலிலோ அசோலாத் தொட்டி ஓரத்திலோ விடாதீர்கள். மாத்திரையிலும் ஒரு பொறுப்பு உண்டு. மருந்தின் பெரும்பங்கு மலத்தில் வெளியேறும். நாய் மலத்தை மண்புழு உரக் குழியிலோ கம்போஸ்டிலோ போடாமல் பாத்தியிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். கொக்கிப்புழு பயத்துக்காகவாவது அதைச் செய்யத்தான் வேண்டும்.

தெள்ளுக்கு மருந்து கொடுத்தால் குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். தரையில் கிடக்கிற கூடு முழுக்கப் பொரித்து ஓய அவ்வளவு நாள் ஆகும். கொடுத்த பத்தாம் நாள் புதுத் தெள்ளு தெரிந்தால் மருந்து டூப்ளிகேட் என்று திட்ட வேண்டாம், அது கூட்டிலிருந்து இப்போதுதான் வந்தது. வீட்டில் இருக்கிற எல்லா நாய்க்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கொட்டகை பக்கத்தில் இருந்தால் குட்டிகளையும் பாருங்கள். நாய்த் தெள்ளு ஆட்டுக்குட்டிக்கும் ஏறும், அதிகமானால் ரத்தம் சுண்டிக் குட்டி சாகும். நாயின் ஆசனவாய் ஓரத்தில் அரிசி மாதிரி எதாவது நெளிந்தால் அது நாடாப்புழு. தெள்ளைக் கடித்து விழுங்கி வருவது. அதற்குத் தனியாகப் புழு மாத்திரை கேட்டு வாங்க வேண்டும்.

உண்ணி இருந்த நாய் சோறு தின்னாமல் சுருண்டு படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ரத்தம் சோதிக்க வேண்டும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் வேப்பேரியில் 1903-லிருந்து நடக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எர்லிக்கியா என்று வந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை மூன்று நான்கு வாரம் எழுதுவார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும், அப்போது நிறுத்திவிடாதீர்கள். பபீசியாவுக்கு மருந்து வேறு. அதனால்தான் சோதிக்காமல் மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுப்பது உதவாது. போகும்போது என்ன உண்ணி மருந்து, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.