விண்ணிலிருந்து காணும் புகையும் புழுதியும்

ஊரின் எல்லையில் புகை எழுந்தால், மேட்டில் ஏறி நின்று அதன் இடத்தை அறிந்து கொள்கிறோம். ஆனால், பல நூறு கிலோ மீட்டருக்கு அப்பால் எழும் புகை காற்றோடு வந்து நம் வானத்தை மூடுமாயின், எந்த மேட்டில் ஏறினும் அதன் பிறப்பிடம் தெரியாது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பட்டப் பகலிலேயே வானம் செம்மஞ்சள் நிறம் கொண்டது. அதற்குக் காரணமான தீ, அண்டை நாடாகிய கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகளில் எரிந்து கொண்டிருந்தது. புகை தெற்கு நோக்கி வந்த வழியைச் செயற்கைக் கோள்களின் படங்கள் தெளிவாகக் காட்டின. இப்படங்கள் எவ்வாறு கிடைக்கின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

இருவகைக் கோள்கள்

ஒருவகைக் கோள்கள் சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றி, ஒரே பகுதியை எப்பொழுதும் நோக்கியிருப்பவை. நம் நாடு 2016-இல் செலுத்திய இன்சாட்-3டிஆர், 2024-இல் செலுத்திய இன்சாட்-3டிஎஸ் ஆகியவை இவ்வகையின. அரை மணிக்கு ஒரு படம் வீதம் கிடைப்பதால், புகை நகரும் திசையை இவற்றால் தொடர்ந்து காணலாம். மற்றொரு வகை, 700 முதல் 850 கிலோ மீட்டர் வரையுள்ள உயரத்தில் துருவங்களின் வழியே சுற்றுவது. இது ஓர் இடத்தைப் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையுமே கடக்கும்; ஆயினும் நுட்பமாகக் காட்டும்.

பிரித்தறியும் முறை

எரியும் தீ, கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களை மிகுதியாக வீசுகிறது. கோளிலுள்ள கருவி அதனை உணர்ந்து தீயின் இடத்தைக் குறிக்கிறது. புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. ஆதலால் படத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தோன்றும். புழுதியோ மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடையது. பாலைவனத்தின் மேல் புழுதி பறக்கும்போது நிலமும் புழுதியும் ஒரே நிறமாக இருக்குமாதலின், வெப்பக் கதிர்களின் இரு அலைவரிசைகளை ஒப்பிட்டு அதனைக் கண்டறிகின்றனர். இம்முறை இரவிலும் பயன்படும்.

2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சகாராப் பாலைவனத்தினின்றும் எழுந்த பெரும் புழுதி, அட்லாண்டிக் கடலைக் கடந்து கரிபியன் தீவுகளையும் அமெரிக்காவின் தென்பகுதியையும் அடைந்தது. அதன் போக்கைக் கோள்கள் நாள்தோறும் காட்டியமையால், மக்களை முன்கூட்டியே எச்சரிக்க முடிந்தது.

படம் கூறாதவை

படம் மேலிருந்து எடுக்கப்படுவது. புகை வானில் உயரப் பறக்கிறதா, நாம் மூச்சு விடும் உயரத்தில் தங்கியிருக்கிறதா என்பது அதில் விளங்காது. அதனை நிலத்தில் வைத்த கருவிகளாலேயே உறுதி செய்ய வேண்டும். அடர்ந்த மேகமும் தீயை மறைத்து விடும்.

விவசாயிகள் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்றும் உண்டு. தீயைக் காண இன்று பெரிதும் பயன்படும் கருவியின் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம். அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். அத்தனை ஏக்கரும் எரிந்தது என்பது அதன் பொருளன்று. அதற்குள் எங்கோ தீ உள்ளது என்பதே பொருள். எந்த வயல் எரிந்தது என்பதை நேரில் பார்த்தே கூற இயலும். மேலும், இக்கருவி கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியளவில். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் நெல் அறுவடைக்குப் பின் அடித்தாளை எரிக்கும் நேரம் மாலைக்கு மாறி வருவதை 2024-இல் ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே, புள்ளிகள் குறைந்தமையாலேயே எரிப்பும் குறைந்தது என முடிவு செய்தல் பொருந்தாது.

நம் கடமை

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இத்தகைய படங்களைக் கொண்டு காட்டுத் தீ எச்சரிக்கைகளை விடுத்து வருகிறது. பதிவு செய்து கொள்ளும் பொதுமக்களுக்கும் அவை கைப்பேசியில் கிடைக்கின்றன. காட்டையடுத்த ஊர்களின் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவரேனும் பதிவு செய்து கொள்ளுதல் வேண்டும். எச்சரிக்கை வந்ததும் வனத்துறையினருக்குத் தெரிவித்து, வழியறிந்தவர்களைக் கொண்டு இடத்தைக் காட்டுதல் பேருதவியாகும். பயிற்சியின்றித் தீயை அணைக்கச் செல்லுதல் ஆகாது. புகையோ புழுதியோ மிகுந்த நாட்களில் குழந்தைகளையும் முதியோரையும் மூச்சு நோயுடையோரையும் வீட்டினுள் இருக்கச் செய்ய வேண்டும்.

கோள் காட்டுவது ஒரு புள்ளியை மட்டுமே. அப்புள்ளி எந்த மலைச் சரிவு, எந்த ஓடைக் கரை, அங்கே செல்லும் பாதை எது என்பனவற்றை அறிந்தவர்கள் அவ்வூர் மக்களே. அவ்வறிவை உரிய காலத்தில் அளிக்கப் பஞ்சாயத்துகள் இப்பொழுதே ஏற்பாடு செய்து கொள்ளுமாயின், காடும் பயிரும் உயிரும் காக்கப்படும்.