உங்களுக்குத் தெரியுமா? வேட்டை வில்லில் வேகமா, அமைதியா?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தவரான ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற கூட்டுவில்லில், 'கேம்' எனப்படும் மையம் விலகிய கப்பிகள், நாணை முழுதாக இழுத்தபின் கை தாங்கும் விசையைக் குறைக்கின்றன. மிகுந்த ஆற்றலைச் சேமிக்கும்படி கப்பியை வடிவமைத்தால் அம்பின் வேகம் கூடும். ஆனால் இழுவை கடினமாகும், அம்பு ஏற்காத ஆற்றலோ அதிர்வாகவும் ஓசையாகவும் வெளிப்படும். அம்பு வினாடிக்கு 300 அடி விரைந்தாலும், ஏறத்தாழ 1,100 அடி செல்லும் ஒலியே முந்துவதால், 30 கஜத் தொலைவிலுள்ள மானுக்குச் சுமார் ஐந்தில் ஒரு வினாடி அவகாசம் கிடைக்கிறது. அதற்குள் அது பாய்வதற்காக உடலைத் தாழ்த்தினால் குறி தவறி, வதைக்கும் காயம் மட்டுமே நேரலாம். ஆகவே சற்று மெதுவாயினும், வில்லின் ஆற்றலை மிகுதியாக ஏற்று ஓசையைக் குறைக்கும் கனமான அம்பே வேட்டைக்குத் தக்கது.