சிற்றணையும் ஊர்க்காவலும்

மைசூருக்குத் தெற்கே, கபினியாற்றங்கரையில் அமைந்த திருத்தலம் நஞ்சன்கூடு. வயநாட்டு மலைகளில் பெய்யும் மழை, 1974ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற கபினி அணையில் தங்கி, இவ்வூரைக் கடந்து, திருமகூடலில் காவிரியோடு கலந்து மேட்டூரை அடைகின்றது. தஞ்சை உழவன் எதிர்நோக்கும் அதே நீர், 2018, 2019ஆம் ஆண்டுகளின் ஆகஸ்டுத் திங்களில் அளவு மிஞ்சி வந்தபோது, இவ்வூரின் தாழ்ந்த பகுதிகளில் புகுந்தது. மைசூர்ச் சாலையையும் மறித்தது. அணை உடையவில்லை, நிறைந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது, அவ்வளவே. ஆயின், அணை உடைந்தால் என்னவாகும்? இவ்வினா பேரணைகளுக்கு மட்டும் உரியதன்று; நம் ஏரிக்கரை போன்ற சிறு மண்ணணைகளுக்கும் உரியதே.

அணைகளை மூன்று வகையில் அளந்து பார்க்கிறார்கள். முதலாவது, உருவம். இந்தியத் தர நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டு நெறிப்படி, 5 இலட்சம் முதல் 1 கோடி கன மீட்டர் வரை நீர் கொள்வதும், 7.5 முதல் 12 மீட்டர் வரை நீர்மட்ட உயரம் உடையதும் சிற்றணையாம். நூறாண்டு வெள்ளத்தைத் தாங்குமாறு அதன் கலிங்கு அமைதல் வேண்டும். நூறாண்டுக்கு ஒருமுறைதான் அவ்வெள்ளம் வரும் என்பது இதன் பொருளன்று. எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள்.

இரண்டாவது, கேடு. அணை உடைந்தால் கீழே எத்தனை உயிர், எவ்வளவு உடைமை அழியும் என்பதே இங்குக் கணக்கு. 'பெருங்கேட்டு அணை' என்றால் அது பழுதுற்றது என்று கொள்ளலாகாது. வயல்கள் மட்டுமே இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தால், அணையில் ஒரு கல்லும் அசையாமலே அதன் கேட்டு வகுப்பு உயர்ந்துவிடும். அப்போது நூறாண்டு வெள்ளத்திலும் பெரிய வெள்ளத்துக்கு அதனை ஆயத்தம் செய்தல் கடமையாகும்.

மூன்றாவது, உடல்நிலை. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையை ஆராய்ந்து, உடைப்புக்கு வழிகோலும் குறை, விரைந்து திருத்தவேண்டிய பெருங்குறை, சிறுகுறை என வகுப்பார்கள்.

கல்லணையின் மேல் நீர் வழிந்தால் அது ஓரளவு தாங்கும், மண்ணணை தாங்காது. வழியும் நீர் கரையை அரித்து வாய் பிளக்கச் செய்யும். மற்றொரு பகை கசிவு. தெளிந்த நீர் சிறிதளவு ஒரே சீராகக் கசிதல் பல மண்ணணைகளிலும் உண்டு. கசியும் நீர் கலங்கி வந்தால், கரையின் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று அறிக. எலிவளையும் மரவேரும் அதற்கு வழி திறப்பன.

1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் மண்ணணை உடைந்து புனா நகர் பாழ்பட்டது. 1979 ஆகஸ்டு 11ஆம் நாள் மச்சு அணையின் மண்கரைகள் உடைந்து மோர்வி நகரம் மூழ்கியது. 2019 ஜூலையில் இரத்தினகிரி மாவட்டத்துத் திவாரே என்னும் சிறிய மண்ணணை இரவில் உடைந்து, ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு முதலியவற்றால் குறிக்கப்பெற்றவற்றையும் தழுவுகிறது. அதனினும் சிறிய கரைகள் அதன் எல்லைக்குப் புறம்பே நிற்கின்றன. அவற்றுக்கு ஊரார் கண்ணே முதற்காவல்.

பிழைப்பு நாடிப் பிற மாநிலம் சென்ற நம்மவர் பலர், வாடகை குறைந்த ஆற்றோரங்களில் குடியிருக்கின்றனர். மேலே எந்த அணை உள்ளது, நீர் திறக்கும் முன் எச்சரிக்கை எவ்வாறு தரப்படும், ஏறிநிற்க மேட்டிடம் எது என்று முன்னரே கேட்டறிந்து கொள்வோமாக. கன்னடத்திலோ மராத்தியிலோ ஒலிக்கும் எச்சரிக்கையின் சில சொற்களையேனும் வீட்டார் அனைவரும் கற்றுவைத்தல் நன்று. வெள்ளம் மொழிபெயர்ப்புக்குக் காத்திராது.