மலைப் பாதையும் முதிய லேண்ட் ரோவரும்

பழைய ஏட்டுச்சுவடி ஒன்றை விலைக்கு வாங்குவோன் அதன் மேற்சட்டத்தின் அழகைப் பார்ப்பதில்லை. உள்ளே ஏடு குறைந்துளதோ, செல்லரித்துளதோ என்றே பார்ப்பான். பழைய மோட்டார் வண்டியை வாங்குவோரோ பெரும்பாலும் மேற்பூச்சைக் கண்டே மயங்கிவிடுகின்றனர். மலைநாட்டிலே இம்மயக்கம் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் உயிரையும் தொட்டுவிடுகின்றது. இலக்கியப் பக்கத்திலே இயந்திரப் பேச்சு எதற்கு என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியரை ஏற்றிச் செல்வதும், நள்ளிரவிலே லயத்திலிருந்து நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதும், மரக்கறி மூடைகளைப் பெருந்தெரு வரை இறக்குவதும் பல இடங்களில் இத்தகைய முதிய வண்டிகளே. ஆதலின் அவற்றின் நோயறிவது நமக்கும் உரிய கல்வியேயாம்.

இவ்வண்டியின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்திலே உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரான மொரிஸ் வில்க்ஸ் என்பார், உழவர்க்கு உதவும் உறுதியான வண்டி ஒன்றைத் திட்டமிட்டு, அதன் மேலுடலை அலுமினியக் கலப்புத் தகட்டாலும், அடிச்சட்டத்தை உருக்காலும் அமைப்பித்தார். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியிலே அஃது உலகுக்கு அறிமுகமாயிற்று. முதலாம் வரிசை 1958 வரையும், இரண்டாம் வரிசை 1971 வரையும், மூன்றாம் வரிசை 1985 வரையும் வெளிவந்தன. 1983 முதல் சுருள்வில் பொருத்திய வண்டிகள் வந்தன. 1990இல் அவற்றுக்கு ‘டிபெண்டர்’ என்னும் பெயர் அமைந்தது. 2016 ஜனவரி 29இல் அப்பழைய மரபின் கடைசி வண்டி சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. இன்று அப்பெயரோடு வருவது வேறு அமைப்புடைய வண்டி. ஆகவே பழைய மரபில் வந்த எவ்வண்டியை வாங்கினாலும் நாம் வாங்குவது ஒரு முதுமையையே.

எனினும் வாங்குகின்றோம். ஏன்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையிலே, 2022 மார்ச்சுக்கு முன் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, சில வாரங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. புதிய வண்டி எட்டாக் கனியாயிற்று. பழைய வண்டியின் விலை ஏறிற்று. கடல் கடந்து வரும் உதிரிப்பாகங்களின் விலையும் உடன் ஏறிற்று. இவ்விரண்டாவது ஏற்றத்தை வாங்குவோர் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை.

என்னிடம் தமிழ் கற்ற இளைஞன் ஒருவன், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன், வாடகைக்கு ஓட்டுவதற்கென ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்க எண்ணினான். முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “அம்மாவின் சேமலாப நிதி, ஐயா” என்றான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது ஊழியர் சேமலாப நிதி. ஐம்பது வயது நிறைந்த பெண் தொழிலாளி தன் பங்கை மீளப்பெறலாம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தது 2021இல். 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024இல். அதற்கு முந்திய ஆண்டுகளின் குறைந்த சம்பளத்திலிருந்து, மழையிலும் பனியிலும் கொழுந்து கிள்ளிய விரல்கள் துளித்துளியாகச் சேர்த்த தொகை அது. ஒருமுறை போயின் மறுமுறை வாராதது.

“தம்பி, எழுத்திலக்கணம் சொல் என்றால் சொல்வேன், இயந்திர இலக்கணம் அறிந்தவரை அழைத்துச் செல்வோம்” என்றேன். அட்டனிலே நெடுங்காலம் இவ்வண்டிகளையே பழுதுபார்த்து வந்த முதியவர் ஒருவர் எங்களுடன் வர இசைந்தார். எல்லாரும் அவரைப் பாஸ் என்றே அழைப்பர். அன்று அவர் காட்டியவற்றையும், பின்னர் அவரது கராஜிலே நான் கேட்டறிந்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

விற்பவர் எஞ்சினை இயக்கி அதன் ஓசையைக் கேட்கச் சொன்னார். “எஞ்சின் தங்கம்” என்றார். பாஸ் அதனைக் கேளாதவர் போல வண்டியின் கீழே படுத்தார். சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உள்ளே துருவேறிய இரும்பு மழுங்கி ஒலிக்கும். அடிச்சட்டம் வெளியே திண்ணிதாய்த் தோன்றினும் உள்ளே வெறும் பெட்டிக் குழாய். நீரும் சேறும் அதனுட் புகுந்து தங்கின், அஃது உள்ளிருந்தே அரிக்கப்படும். வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகள் இலங்கையிலேயே மிகுமழை பெறும் இடங்களுட் சேர்ந்தவை என்பதை நினைவிற் கொள்க. மேலும், அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால், இருவேறு உலோகங்களின் சேர்க்கையாலேயே அரிப்பு விரையும். பின்புறக் குறுக்குச்சட்டம், உடலைத் தாங்கும் பக்கக் கைகள், ஓட்டுநரின் கால் வைக்குமிடம் ஆகிய மூன்றும் முதலில் அழிவன. நாங்கள் பார்த்த வண்டியிலே பின்புறக் குறுக்குச்சட்டத்தின்மேல் தகடு ஒட்டிக் கறுப்புப் பூசப்பட்டிருந்தது. அணியைக் கொண்டு யாப்பின் ஓட்டையை மறைத்த செய்யுள் போன்றது அது.

செலவின் கணக்கும் இங்கேதான் தொடங்குகின்றது. அரிந்த சிறு பகுதியை வெட்டி நல்ல தகடு வைத்து ஒட்டுவது ஓரிரு நாள் வேலை. அடிச்சட்டம் முழுவதையும் மாற்றுவதாயின், மேலுடல், எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுகள், கம்பிகள் யாவற்றையும் கழற்றி மீண்டும் பூட்டவேண்டும். பழைய வண்டியொன்றுக்கு நேரக்கூடிய மிகப் பெரிய செலவு எஞ்சினிலன்று, பெரும்பாலும் இதிலேயே உளது.

அடுத்து, எண்ணெய்க் கசிவு. லேண்ட் ரோவரின் கீழே எண்ணெய் சொட்டவில்லையெனில் உள்ளே எண்ணெயே இல்லை என்று பொருள் என்பது உலகெங்கும் இவ்வண்டி வைத்திருப்போர் சொல்லிச் சிரிக்கும் வேடிக்கை. இவ்வேடிக்கையே பல விபத்துக்களுக்கு வாயிலாகலாம் என்றார் பாஸ். எல்லாக் கசிவும் ஒன்றல்ல. எஞ்சினின் அடித்தட்டிலிருந்து கசியும் சில துளிகளால் உடனடி இடர் இல்லை. அளவு பார்த்து ஊற்றினாற் போதும். ஆனால் இவ்வண்டியின் கைப்பிரேக், ஏனைய வண்டிகளைப்போலப் பின்சக்கரங்களில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்புறத்தே, பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் தலைப்பிலே ஓர் உருளைக்குள் அமைந்துளது. அதன் அருகிலுள்ள சிறு ஒயில் சீல் தேய்ந்தால், எண்ணெய் நேரே அவ்வுருளைக்குட் சென்று பிரேக் லைனரை நனைத்துவிடும். பின்னர் எவ்வளவு இழுத்தாலும் கைப்பிரேக் பிடியாது. சக்கரத்தின் குடத்திலுள்ள சீல் தேய்ந்தாலும் அவ்வாறே அச்செண்ணெய் சக்கரப் பிரேக்கை நனைக்கும். மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்பக்கத்திலே பள்ளம் இருப்பின்?

சிறு இறப்பர் வளையம் ஒன்றின் விலை அற்பமே. அதனை மாற்றாமல் விட்டால் லைனர் கெடும். லைனர் கெட்டபின்னும் ஓட்டினால் உருளை கெடும். அதன் பின்னும் ஓட்டினால் கெடுவது யாதென எழுதவேண்டுவதில்லை. முதிய வண்டியின் செலவு பெரும் பொருளிலன்று, காலத்தே மாற்றாத சிறு பொருளிலேயே பிறக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய வரிசைகளிலே பின்னச்சின் உட்தண்டு பாரத்தால் முறிவதுண்டு. முறிந்தவுடன் வண்டி ஓட்டமிழப்பது மட்டுமன்று, தண்டின் வழியே பிடிக்கும் கைப்பிரேக்கும் பயனற்றுப் போகும். மலைச்சரிவிலே நிறுத்துவோர் சக்கரத்துக்குக் கல் வைக்கும் பழக்கம் வெறும் பட்டிக்காட்டுப் பழக்கமன்று, அனுபவ அறிவு.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உளது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வீதியிலே பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே வருவோமாயின் சக்கர உருளைகள் சுட்டு விரியும்; லைனர் பிடிப்பிழக்கும். பிரேக் குழாய்களில் உள்ள திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது. பெரிதும் வழங்கும் நான்காம் தரத் திரவம் புதியதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலே கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். கொதித்த திரவத்தில் ஆவி பிறந்தால், மிதி தரை வரை போகும், வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சிறிய கியரில், வேண்டுமிடத்துச் சிவப்புக் குமிழுள்ள தாழ்கியர் நெம்பை இட்டு, எஞ்சினின் தடையாலேயே இறங்குவதற்கோ செலவே இல்லை. மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க, அது மெல்ல மெல்ல அமிழுமாயின் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துளது என்றறிக.

கியர்ப்பெட்டியின் செலவு வேறு வகையது. இரண்டாம் வரிசை வண்டிகளில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கே ஒத்திசைப்பு அமைப்பு உண்டு. முதலிரண்டுக்கும் கிளச்சை இருமுறை மிதித்து மாற்றவேண்டும். அப்பழக்கமில்லாதார் கையிலே பற்கள் அழியும். கிளச் பிளேட்டின் விலை தாங்கக்கூடியதே. ஆனால் அதனை அடைவதற்கு ஆசனங்களையும் தளத்தகடுகளையும் அகற்றிக் கியர்ப்பெட்டியை வெளியே எடுத்தாக வேண்டும். கூலி பொருளை விஞ்சும். ஆகவே கியர்ப்பெட்டி வெளியே வந்திருக்கும்போதே கிளச் பெயரிங்கையும், எஞ்சினின் பின்புற ஒயில் சீலையும் சேர்த்தே மாற்றுதல் அறிவுடைமை. ஒரு கூலியில் மூன்று வேலை முடியும். இதனைச் சிக்கனம் கருதித் தள்ளுவோர் அதே கூலியை மறுமுறையும் கொடுப்பர்.

எஞ்சினைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. முன்கூட்டியே சூடாக்கிவைத்த எஞ்சினைப் பார்த்துப் பயனில்லை. குளிர்ந்த எஞ்சினையே இயக்கச் சொல்லவேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும், நில்லாத வெண்புகை நீர் உட்புகுவதையும் குறிக்கலாம். எண்ணெய் மூடியின் அடியிலே பாலேடு போன்ற படிவு மிகுந்திருப்பின் ஹெட் கெஸ்கட்டை ஐயுறுக. 1990களின் டீசல் எஞ்சின்களிலே டைமிங் பெல்ட் உண்டு. அஃது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி, ஒரு வாரின் விலைக்குப் பதிலாக அரை எஞ்சினின் விலையைக் கொடுக்கநேரும். எப்போது மாற்றினர் என்பதற்குச் சான்றில்லையெனில் வாங்கியவுடன் மாற்றிவிடுதலே தகும். இந்நாட்டிலே பல வண்டிகளில் ஜப்பானிய டீசல் எஞ்சின் பொருத்தியுள்ளனர். உதிரிப்பாகம் எளிதிற் கிடைப்பதால் அதிற் குறையில்லை. ஆனால் அம்மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலே ஏறியிருத்தல் வேண்டும். எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வாத வண்டி, எவ்வளவு மலிவாயினும் மலிவன்று.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலே இவ்வண்டிக்கு வேண்டிய யாவும் புதியனவாகவும், போலியாகவும், கழற்றி எடுத்தவையாகவும் கிடைக்கும். எதிலே சிக்கனம் செய்யலாம், எதிலே ஆகாது என்பதற்குப் பாஸ் ஒரு வரம்பு கூறினார். கதவு, ஆசனம், விளக்குக் கூடு, கண்ணாடி முதலியன பழையனவாயினும் தாழ்வில்லை. பிரேக் குழாய், சிலிண்டர் இறப்பர், லைனர், ஸ்டியரிங் மூட்டு ஆகியவற்றில் பழையதும் ஆகாது, போலியும் ஆகாது. “கழன்றால் வண்டி நிற்குமா, வண்டி நில்லாமற் போகுமா என்று கேட்டுப் பாருங்கள், நில்லாமற் போகுமெனில் புதியதே வாங்குங்கள்” என்பது அவர் வாக்கு. சூத்திரம் போன்ற இச்சொல்லை நான் குறித்துவைத்தேன்.

அன்று பார்த்த வண்டியை அவ்விளைஞன் வாங்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்து வேறொன்றை வாங்கினான். வண்ணம் மங்கியது, எஞ்சினும் சற்றே இரைவது, ஆனால் அடிச்சட்டம் கணீரென ஒலிப்பது. தாயின் பணத்தில் மூன்றிலொரு பங்கை விலையிற் சேராது ஒதுக்கி வைத்திருந்தான். அதிலே முதற்கண் பிரேக்குகளும் சீல்களும் திரவமும் புதுக்கப்பட்டன. அடுத்து ஸ்டியரிங் மூட்டுக்களும் வில்களும். அதன் பின்னரே எஞ்சின். வண்ணம் இன்னும் பூசப்படவில்லை. ஏறுவோர் எவரும் அதனைக் குறையாகச் சொன்னதில்லை.

ஆகவே பழைய வண்டி வாங்க எண்ணுவோர்க்கு நான் உரைக்கவேண்டுவது ஒன்றே. விற்பவர் சொல்லும் விலை வண்டியின் விலையன்று. அதன் முதற் தவணை. எஞ்சியதை நீவிர் கராஜிலே கொடுப்பீர், அல்லது சரிவிலே கொடுப்பீர். கொடுக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் நிற்க வேண்டும், அடுத்து நிலைக்க வேண்டும், அதன் பின்னரே ஓட வேண்டும். வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் நிறுத்திப் பார்க்கப் பழகுவோமாக.