சூடு தணியாத குதிரைகள்

திருவனந்தபுரத்து வெயிலில் சூப்பர்சார்ஜர் கார்கள் சத்தமில்லாமல் சக்தியை இழக்கின்றன. இழந்ததை மீட்கும் வழி எஞ்சினில் இல்லை, அதற்கு முன்னால் தொங்கும் ஒரு சின்ன ரேடியேட்டரில் இருக்கிறது.

கல்லாற்றைத் தாண்டியதும் பொன்முடிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 22. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நண்பர் ஒருவரின் காரில் அந்த வழியே போனேன். பழைய கார் சந்தையில் வாங்கிய வெளிநாட்டு செடான். ஆறு சிலிண்டர், சூப்பர்சார்ஜர் பூட்டியது, 300 குதிரைச் சக்திக்கு மேல் என்று சொல்லி விற்கப்பட்ட வண்டி. முதல் நாலைந்து வளைவுகளில் எல்லாக் குதிரைகளும் ஆஜர். பத்தாவது வளைவு வருவதற்குள் கணிசமான எண்ணிக்கை லாயத்துக்குத் திரும்பிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓசை வந்தது, வேகம் வரவில்லை.

எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் வழக்கமான இடத்திலேயே நின்றது. காரின் கம்ப்யூட்டரோடு இணைத்த கைப்பேசியில் மட்டும் ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் வெப்பம் அது. அடிவாரத்தில் 48 டிகிரியாக இருந்தது இப்போது 70ஐத் தாண்டிவிட்டது. நண்பர் அந்த எண்ணை ஜுரம் பார்ப்பவரைப்போலப் பார்த்தார்.

ஜுரம்தான். சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும். நாலு முறை அழுத்தினால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். சூப்பர்சார்ஜர் செய்வதும் அதையேதான்: எஞ்சினின் சுழற்சியையே பெல்ட் வழியாக இரவல் வாங்கி, இரண்டு உருளைகளைச் சுழற்றி, காற்றைத் திணித்து அனுப்புகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் இதன் மூதாதை. உலைக்களத்துக்கும் சுரங்கத்துக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்த யந்திரம் 1920களில் மெர்சிடிஸ் கார்களில் ஏறி ஆடம்பரப் பொருளாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் ஒரு சாதாரணப் பகல், 32 டிகிரி. அந்தக் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப்போல 1.8 மடங்குக்கு நெருக்கினால், எந்த இழப்பும் இல்லாத லட்சிய யந்திரத்தில்கூட அது 88 டிகிரி ஆகும். நிஜ சூப்பர்சார்ஜரின் திறன் நூற்றுக்கு அறுபத்தைந்து என்று வைத்தால் வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட 118 டிகிரி. இட்லிப் பானையின் ஆவியைவிடச் சூடு.

இந்தக் காற்றை அப்படியே சிலிண்டருக்குள் விட்டால் இரண்டு கெடுதல்கள். சூடான காற்று லேசானது, அதில் ஆக்சிஜன் குறைவு. அதைவிட மோசம், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேர்வதற்கு முன்பே பெட்ரோல் தானாக வெடிக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் இந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் உடையலாம். எனவே இரண்டுக்கும் நடுவே ஒரு குளிர்விப்பான் வைக்கிறார்கள். அதுதான் இன்டர்கூலர். 118 டிகிரிக் காற்றை 55க்கு இறக்கினால் அதே கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகக் காற்று உள்ளே போகும்.

சூப்பர்சார்ஜர் பூட்டிய செயல்திறன் கார்கள் பலவற்றில் இன்டர்கூலர் எஞ்சினின் மேலேயே, சூப்பர்சார்ஜரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். காற்று படாத இடம் என்பதால் தண்ணீர்தான் அதன் சூட்டை வாங்கி, பம்பரின் பின்னால் உள்ள தனி ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஒரு சின்ன மின்சார பம்ப் தண்ணீரைச் சுற்றவைக்கிறது. நம் கதையின் வில்லன்கள் எல்லோரும் இந்தச் சுற்றுக்குள்தான் இருக்கிறார்கள்.

300 குதிரைச் சக்தி எஞ்சின் முழு வேகத்தில் விநாடிக்குக் கால் கிலோவுக்குச் சற்று அதிகமாகக் காற்றைக் குடிக்கும். அதன் சூட்டை 60 டிகிரி குறைக்க சுமார் 17 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினேழை வரிசையாக வைத்தால் வரும் சூடு. சுற்றில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள ரேடியேட்டர் ஒன்றுமே செய்யவில்லை என்றால் அந்தத் தண்ணீர் விநாடிக்கு 0.8 டிகிரி வீதம் சூடேறும். இருபது விநாடி மிதித்தால் 16 டிகிரி. நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்ட பத்து விநாடி போதும், பிறகு ஆற அவகாசம் கிடைக்கிறது. மலை ஏறும்போது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

இங்கேதான் ஊர் குறுக்கிடுகிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு, அதற்குள் ஓடும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. 15 டிகிரியில் இருக்கும் ஒரு ஜெர்மன் நகரத்தில் 50 டிகிரித் தண்ணீருக்கு 35 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. பேரூர்க்கடையில் வெளியே 33. போதாததற்கு ஏ.சி.யை யாரும் அணைப்பதில்லை. இன்டர்கூலர் ரேடியேட்டர் ஏ.சி. கண்டென்சருக்குப் பின்னால் அமைந்த கார்களில், கண்டென்சர் கக்கிய சூட்டை வாங்கிய காற்றுதான் அதற்கு வந்து சேரும். அது 40 டிகிரி என்றால் மிஞ்சும் வித்தியாசம் 10. அதே ரேடியேட்டர், அதே பம்ப், வேலை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. நம் கடற்கரைப் புழுக்கமும் தன் பங்குக்கு உதவுகிறது: 33 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் என்றால் எஞ்சின் குடிக்கும் காற்றில் ஏறக்குறைய 4 சதவீதம் வெறும் நீராவி. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது.

கார் பழுதாவதில்லை என்பதுதான் இதில் ஏமாற்று. உள்ளே வரும் காற்று சூடானதைக் கண்டதும் கம்ப்யூட்டர் இக்னிஷனைத் தாமதப்படுத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. 55 டிகிரிக்கும் 75க்கும் இடையே காற்றின் அடர்த்தியால் மட்டும் இழப்பது 6 சதவீதம்தான். மீதி இழப்பு இந்தத் தற்காப்பால் வருவது. ஓட்டுபவருக்கு வயதாகிவிட்டதோ, பெட்ரோல் சரியில்லையோ என்றெல்லாம் சந்தேகம் வரும்.

இந்த நோய்க்கு ரயில்வே முன்பே மருந்து கண்டிருக்கிறது. மின்மயமாவதற்கு முன் கேரள ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் 2,600 குதிரைச் சக்தி கொண்டது. டர்போசார்ஜர் நெருக்கிய காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் 'ஆஃப்டர்கூலர்' அதிலும் உண்டு. லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு அந்த எஞ்சினைத் திருத்தியபோது டர்போவை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை, ஆஃப்டர்கூலரையும் பெரிதாக்கியது. அதே பதினாறு சிலிண்டர் குடும்பம் டபிள்யூ.டி.எம்.-3ஏவில் 3,100 குதிரைச் சக்தியை எட்டியது. அழுத்தத்தைக் கூட்டுகிறவன் குளிர்ச்சியையும் கூட்ட வேண்டும் என்பது ரயில் பட்டறைகளில் பழைய பாடம்.

கார் உலகில் இந்த வரிசை தலைகீழ். செயல்திறன் கூட்டித் தருவதாக விற்கப்படும் தொகுப்புகளில் முதலில் வருவது சிறிய புல்லி. சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுழலும், அதிகக் காற்றைத் திணிக்கும், அதிகமாகச் சூடாகும். அடுத்தது கம்ப்யூட்டர் மென்பொருள் திருத்தம். குளிர்விப்பு கடைசியில், பணம் மிஞ்சினால். திருவனந்தபுரத்தில் இப்படிச் செய்வது, கைக்குழந்தைக்குக் கம்பளி போர்த்திவிட்டு விசிறி வாங்கக் கடைக்குப் போவது மாதிரி.

சரியான வரிசையில் போனால் முதல் மூன்று படிகளை 'மேம்பாடு' என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். நம் ஊரில் ஓடும் சூப்பர்சார்ஜர் கார்களில் பெரும்பாலானவை வயதானவை. 2000களில் இங்கு பரவலாக விற்ற மெர்சிடிஸ் கம்ப்ரஸர் மாடல்களாகட்டும், பின்னால் வந்த ஆடி, ஜாகுவார், ரேஞ்ச் ரோவர் ஆகட்டும், உற்பத்தியாளர்கள் ஒவ்வொருவராக டர்போவுக்கு மாறிவிட்டார்கள். எனவே முதலில் பார்க்க வேண்டியது பம்ப். அது நின்றுபோனாலும் விளக்கு எரியாத கார்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது குழாயைத் தொட்டால் லேசான அதிர்வு தெரிய வேண்டும், தொட்டி தனியாக இருந்தால் மூடியைத் திறந்து நீரோட்டத்தைப் பார்க்கலாம். (எஞ்சினோடு பகிரும் தொட்டியைச் சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.) இரண்டாவது, சுற்றுக்குள் சிக்கிய காற்றுக் குமிழ். கூலண்ட் மாற்றியபின் காற்றை முறையாக வெளியேற்றாத வண்டியில் பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் நுரையைக் கலக்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது, ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகள். சங்குமுகத்து உப்புக் காற்றும் பைபாஸ் புழுதியும் பூச்சிகளும் சேர்ந்து பாதி இடைவெளிகளை அடைத்திருக்கும். மென்மையான நீர்ப்பீச்சு போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாய் தகடுகளை மடக்கிவிடும்.

பிறகு தண்ணீர். உறைபனி என்பதையே அறியாத ஊரில் பாதிக்குப் பாதி கிளைக்கால் எதற்கு? அந்தக் கலவை வெறும் நீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே சூட்டைச் சுமக்கிறது. இன்டர்கூலர் சுற்று தனியாக இருக்கும் கார்களில், காய்ச்சி வடித்த நீரோடு துருத்தடுப்பான் சேர்த்துக் கிளைக்காலைக் குறைக்கலாம். ஆனால் சில மாடல்களில் எஞ்சினும் இன்டர்கூலரும் ஒரே தொட்டியைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே உற்பத்தியாளர் சொன்ன கலவைதான். குழாய்த் தண்ணீர் எங்கேயும் கூடாது.

இவ்வளவும் செய்து தீரவில்லை என்றால்தான் பெரிய ரேடியேட்டரும் அதிக ஓட்டம் தரும் பம்பும். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தடித்த ரேடியேட்டரைப் பழைய பம்போடு இணைத்தால் ஓட்டம் குறையலாம். தடிமனைவிட முகப்பின் பரப்புதான் முக்கியம், ஏனென்றால் தடித்த ரேடியேட்டர் தனக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின் ரேடியேட்டருக்குக் காற்றை மறைக்கும். சுற்றில் தண்ணீரின் அளவைக் கூட்டினால் சூடேறுவது தாமதமாகும், ஆறுவதும் தாமதமாகும். கால் மைல் பந்தயத்துக்கு ஐஸ் கட்டி போடுகிறவர்களுக்கு அது சரி. கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேயில் சுற்றுச் சுற்றாக ஓட்டுகிறவருக்குச் சூட்டை வெளியே தள்ளும் ரேடியேட்டர்தான் கைகொடுக்கும்.

பணத்தைவிடப் பெரிய தயக்கம் ஒன்று கேரளத்தில் உண்டு: சட்டம். வாகன மாற்றம் பற்றி நாடு முழுவதற்கும் பொருந்தும் தீர்ப்பே இங்கிருந்து போன வழக்கில்தான் வந்தது. மாநில விதிகளின்படி வாகனத்தின் அமைப்பை மாற்றலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண், சேசிஸ் எண், எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள், நிறம், எடை என்று பல கட்டங்கள் உண்டு. இன்டர்கூலருக்குக் கட்டம் இல்லை. தீர்ப்பே சிறு பொருத்தங்களுக்கு இடம் விட்டிருக்கிறது. தேய்ந்த பம்பை மாற்றுவது பழுதுபார்ப்பு. அதே இடத்தில், பம்பரை அறுக்காமல் பெரிய ரேடியேட்டரைப் பொருத்துவதையும் நான் அந்தப் பக்கத்தில்தான் வைப்பேன். சாலையில் நிறுத்துகிற ஆய்வாளர் அப்படிப் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. புல்லியும் மென்பொருளும் வேறு கதை. அவை உற்பத்தியாளர் அறிவித்த குதிரைச் சக்தியையே மாற்றுகின்றன, புகை அளவையும் மாற்றக்கூடும். இழந்ததை மீட்பதற்கும் இல்லாததைச் சேர்ப்பதற்கும் நடுவே சட்டம் கோடு போட்டிருக்கும் இடமும் எஞ்சினின் ஆயுளுக்கான கோடும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த ஊரில் குளிர்விப்பைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. நெடுமங்காட்டுக்கு அருகே உள்ள வலியமலையில்தான் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கிறது. அங்கு உருவான சி.இ.-20 கிரயோஜெனிக் எஞ்சினில், எரியப்போகும் திரவ ஹைட்ரஜனே முதலில் எரிகலனின் சுவருக்குள் ஓடி அதைக் குளிர்விக்கிறது. பொன்முடிக்குப் போகிறவர்கள் அந்த ஊர்ப் பெயரைப் பலகையில் படித்துவிட்டுத் தாண்டிப்போகிறார்கள்.

நண்பரும் தாண்டித்தான் போனார். திரும்பிவந்து காரைத் தூக்கிப் பார்த்தபோது பம்ப் செத்திருந்தது. எவ்வளவு நாளாக என்று யாருக்கும் தெரியாது. புதிய பம்ப், சாலைக் கடைவீதியில் வாங்கிய ஹோஸ் கிளிப்புகள், தகடுகளுக்கு ஒரு குளியல், காற்று வெளியேற்ற ஒரு முழு மாலைப் பொழுது. பெரிய ரேடியேட்டருக்கு அவசியம் வரவில்லை. மே மாதத்தில் மறுபடி ஏறினோம். இருபத்திரண்டாவது வளைவில் கைப்பேசி 57 காட்டியது. நண்பருக்கு மகிழ்ச்சிதான், ஆனாலும் காசு செலவழித்துக் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லையே என்ற குறை முகத்தில் தெரிந்தது. முன்பே வாங்கிவைத்த சிறிய புல்லி பிரிக்காத பெட்டியோடு இன்னும் டிக்கியில் கிடக்கிறது.