இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே தெரியுமா? நம்ம காஞ்சிபுரத்துல!

காஞ்சிபுரம்னா பட்டும் கோயிலும்தான் ஞாபகம் வரும். ஆனா நாட்டின் வங்கி வரலாற்றிலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. 1904 அக்டோபரில், சட்டப்படி பதிவான இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் இங்கேதான் உருவானது.

யோசனை எங்கிருந்து வந்தது?

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் பணம் போட்டு ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். பின்னர் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமக் கடன் சங்கங்களை வளர்த்தார். சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடெரிக் நிக்கல்சன் அவற்றை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1889-ல் பரோடாவில் 'அன்யோன்யா' என்ற பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கியிருந்தது. நாம சொல்ற அன்னியோன்யம்தான் அந்தப் பெயர்!

இதுல என்ன புதுசு?

1904 சட்டப்படி, ஒரே ஊர்க்காரர்கள் 10 பேர் சேர்ந்தாலே சங்கம் பதிய முடிந்தது. அடகு வைக்க நகையோ நிலமோ இல்லாதவருக்கு, அவரைத் தெரிந்தவர்களின் நம்பிக்கையே ஜாமீன். வட்டிக்காரரிடம் போகத் தேவையில்லை.

நெசவாளருக்கு என்ன பயன்?

சொந்தத் தறி இருந்தாலும் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கக் காசு வேணும். காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றை உறுப்பினருக்குக் கொடுத்து, நெய்த சேலைக்குக் கூலி தருகின்றன. தனி முதலாளியை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

இன்னைக்கு நமக்கு என்ன?

நாட்டில் இப்போது 1,400-க்கும் அதிகமான நகரக் கூட்டுறவு வங்கிகள் உள்ளன. ஒருவரை ஒருவர் தெரிந்த சிறு வட்டத்தைத் தாண்டி வளரும்போது, கண்காணிப்பும் தேவைப்படுகிறது. 2019-ல் மும்பையின் பி.எம்.சி. வங்கி முடங்கி, வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, ரிசர்வ் வங்கியின் அதிகாரம் கூடியது.

கூட்டுறவு வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனா வங்கி உரிமம் இல்லாத கடன் சங்கங்களுக்கு அது கிடையாது. பணம் போடும் முன் இதைக் கேட்டுக்கோங்க.

இன்னொன்று: பங்கு எவ்வளவு இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டுதான். நீங்க உறுப்பினரா? அப்போ பேரவைக் கூட்டத்துக்குப் போங்க, கணக்கைக் கேளுங்க. சங்கம் உங்களுடையது.